ஐந்து சரக்குகளின் உறவுமுறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குப் பிரதேசங்களில், செப்டம்பர் கழிந்து அக்டோபர் பிறந்து, மேப்பிள் மரங்களின் இலைகள் பச்சை மாறிச் சிவக்கத் தொடங்கி, கொடி வாடிய வயல்களில் பரங்கிக்காய்கள் மாத்திரம் மஞ்சள் மஞ்சளாய்க் கிடக்கும் பருவத்தில், வீட்டு அடுக்களைகளிலும் ரொட்டிக் கடைகளிலும் காப்பிக் கடைகளிலும் ஒரே விதமான வாசனை கமழ்வதை அந்நாட்டில் சில நாள் தங்கியவர்கள்கூட அறிவார்கள். இலவங்கப்பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு, ஜமைக்கா மிளகு என்னும் ஆல்ஸ்பைஸ் ஆகிய ஐந்து சரக்குகளையும் பொடித்துக் கலந்த கலவையின் வாசனை அது. பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து, மாவுக் கூட்டில் ஊற்றிச் சுட்டெடுக்கும் 'பம்ப்கின் பை' என்ற பலகாரத்துக்கென்றே அந்தப் பொடி ஏற்பட்டது. ஆயினும் இன்றைக்கு அது ஆப்பிள் பலகாரத்திலும் கேக்கிலும் பிஸ்கோத்திலும் காப்பியிலும் புகுந்து, இலையுதிர் காலத்துக்கே உரிய வாசனையாக ஆகிவிட்டது.

கடையில் சிறு குப்பியில் விற்கும் இப்பொடியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், செய்வது எளிது, கடைச் சரக்கைவிட வாசனையிலும் மேலாக இருக்கும். ஆனால் செய்முறைக்கு முன்னால் சிந்திக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நான்கு வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்து, ஒன்று மரப்பட்டையாகவும், ஒன்று கிழங்காகவும், ஒன்று விதையாகவும், ஒன்று மலராத மொட்டாகவும், ஒன்று பழுக்காத காயாகவும் விளைகின்ற இவ்வைந்து சரக்குகளும், ஒன்றோடொன்று முரணாமல் ஒரே வாசனையாக இழைவதற்குக் காரணம் யாது? இதற்கு ரசாயன சாஸ்திரத்தில் திட்டமான விடை இருக்கிறது. அதை அறிந்தவர் பொடியின் அளவுகளை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமில்லை, கையிலுள்ள சரக்கின் குணத்தைப் பார்த்துத் தாமே கூட்டவும் குறைக்கவும் முடியும்.

முதலில் பரங்கிக்காயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மெக்ஸிகோ நாட்டின் ஒஹாகா மாநிலத்தில் கிலா நாக்கிட்ஸ் என்னும் குகையில் அகழ்ந்தெடுத்த அதன் விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை; அமெரிக்கக் கண்டத்தில் மனிதன் பயிரிட்ட செடிகளுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று அது. அதன் சதையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கண்ணைக் கவரும் மஞ்சள் நிறத்தைத் தருகிற கரோட்டீனுக்கு மணம் கிடையாது. பச்சையாய் அரிந்தால் வெள்ளரிக்காயை நினைப்பூட்டும் மெல்லிய வாடையும், வெந்தால் சற்றே இனிப்பும் உண்டென்பதைத் தவிர, நாவையும் நாசியையும் நிறைக்கக்கூடிய சத்து அதனிடம் குறைவு. ஆகையால் அது பலகாரத்துக்கு உடம்பைக் கொடுத்து, உயிரை வேறிடத்திலிருந்து பெற்றுக்கொள்கிறது. ஸ்டார்பக்ஸ் கடைகளில் 2003இல் இந்த வாசனையோடு அறிமுகமாகி உலகெங்கும் பேர்பெற்ற காப்பிப் பானத்தில் 2015 வரையில் பரங்கிக்காய் சேர்க்கப்படவே இல்லை; அப்படியிருந்தும் அதை அருந்தியவர்கள் பரங்கிக்காய்ப் பலகாரத்தையே உணர்ந்தார்கள் என்பதிலிருந்து, அப்பலகாரத்தின் ருசி என்று நாம் கருதுவது பெரும்பாலும் மசாலையின் ருசியே என்பது தெளிவாகும்.

இந்தச் சேர்க்கை ஒரே நாளில் பிறந்ததன்று. 1796இல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் அமெலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி வெளியிட்ட 'அமெரிக்கன் குக்கரி' என்னும் பாகசாஸ்திர நூலில் பரங்கிக்காய்க்கு இரண்டு முறைகள் உள்ளன: ஒன்றில் ஜாதிபத்திரியும் ஜாதிக்காயும் இஞ்சியும், மற்றொன்றில் வெல்லப்பாகுடன் ஜமைக்கா மிளகும் இஞ்சியும் சொல்லப்பட்டிருக்கின்றன. பட்டையும் கிராம்பும் இரண்டிலும் இல்லை. ஜனாதிபதி லிங்கன் 1863இல் நவம்பர் மாதத்தின் கடைசி வியாழக்கிழமையை நன்றி நவிலும் திருநாளாக நாடு முழுவதும் கொண்டாடுமாறு பிரகடனம் செய்த பிறகு அன்றைய விருந்தில் இப்பலகாரம் நிலைபெற்றது; 1934இல் மெக்கார்மிக் கம்பெனி மசாலைகளைக் கலந்தே குப்பியில் அடைத்து விற்கத் தொடங்கியது. இடையிலே பட்டை நுழைந்து முதலிடத்தையும் பிடித்துக்கொண்டது.

இனி, சரக்குகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் சரித்திரத்தின் கொடிய பக்கம் ஒன்றைப் புரட்ட நேர்கிறது. ஜாதிக்காய் மரம் இந்தோனேசியாவைச் சேர்ந்த பாண்டா தீவுகளில் மாத்திரமே ஒரு காலத்தில் விளைந்தது. அந்த விளைச்சலைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொள்ளும் பொருட்டு, டச்சுக் கம்பெனியார் யான் பீட்டர்ஸோன் கூன் என்பவனின் தலைமையில் 1621இல் அத்தீவுகளின் மீது படையெடுத்து, குடிகளைக் கொன்றும் அடிமைகளாக்கியும் நாடு கடத்தியும் தீவுகளையே ஏறக்குறைய வெறுமையாக்கிவிட்டார்கள். 1667இல் பிரேடா நகரத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி பாண்டாவின் ஒரு சிறு தீவாகிய ரன் டச்சுக்காரர்களுக்கும், இன்றைய நியூயார்க் நகரத்தின் மையமாகிய மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்கும் உறுதியாயின. இன்று மன்ஹாட்டனில் ஒரு குடும்பம் நவம்பர் மாதத்தில் ஜாதிக்காயைத் துருவும்போது, அந்த நகரத்தின் உரிமையும் அந்தக் காயின் உரிமையும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்தாயின என்பதை நினைத்துப் பார்க்க எவரும் இலர், நினைக்கத் தக்கது. பிற்காலத்தில் மரக்கன்றுகள் பல தேசங்களுக்குப் பரவி, 1843இல் கரிபியக் கடலிலுள்ள கிரெனடாவை அடைந்தன. அந்நாட்டுக் கொடியிலேயே இப்பொழுது ஜாதிக்காய் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கிராம்பின் ஜன்மபூமியும் பாண்டா அடங்கிய அதே மலுக்குத் தீவுகள்தான். ஜமைக்கா மிளகு மாத்திரம் மேற்குத் திக்கில், கரிபியத் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் விளைவது. பார்வைக்குச் சற்றுப் பருத்த மிளகைப் போன்றிருந்தாலும் அது மிளகின் இனமன்று, நாவலும் கொய்யாவும் கிராம்பும் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தது. இலவங்கப்பட்டையில் இரண்டு ஜாதிகளைப் பிரித்தறிய வேண்டும். இலங்கையில் விளையும் கறுவா காகிதம் போன்ற மெல்லிய சுருள்கள் பல அடுக்காகச் செருகப்பட்டு, விரலால் நசுக்கினாலே நொறுங்கும். நிறம் வெளிறியது, வாசனை மென்மையானது. அமெரிக்கக் கடைகளில் பொடியாக விற்பதோ பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து வரும் தடித்த பட்டை. ஒரே சுருளாய், கட்டை போல உறுதியாய், கருஞ்சிவப்பாய், நாவில் உறைப்பாய் இருக்கும்.

இப்போது ரசாயனத்துக்கு வருவோம். தாவரங்கள் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் மண்ணிலிருந்தும் எடுத்த மூலப்பொருள்களைக் கொண்டு, புரதங்களுக்கு வேண்டிய அமினோ அமிலங்களைத் தாமே சமைத்துக்கொள்கின்றன. அவற்றுள் ஃபீனைல்அலனின் என்பது ஒன்று. ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்க, அந்த வளையத்தின் ஒரு புறத்தில் மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட சிறு சங்கிலி தொங்குவது அதன் வடிவம். இந்த மூலக்கூறிலிருந்து நைட்ரஜன் பகுதியை ஒரு நொதி கழற்றிவிட, எஞ்சுவது சின்னமிக் அமிலம். இங்கிருந்து, ஒரே ஆற்றிலிருந்து வாய்க்கால்கள் பிரிவதைப் போல, பற்பல பொருள்கள் பிறக்கின்றன. பட்டை மரம் அந்த அமிலத்தைச் சிறிதே மாற்றிச் சின்னமால்டிஹைடு என்னும் எண்ணெயாக்குகிறது. பட்டையின் வாசனையும் உறைப்பும் அதனுடையவையே. கிராம்பு மரமும் ஜமைக்கா மிளகு மரமும் வளையத்தின் மீது ஆக்ஸிஜன் அணுக்களை ஏற்றி யூஜினால் என்னும் எண்ணெயைச் செய்கின்றன. கிராம்பு எண்ணெயில் நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூறு பங்குவரை அதுவே. பல்வலிக்குக் கிராம்பை வைத்தால் மரத்துப்போவதும் அதனால்தான். ஜாதிக்காயின் மிரிஸ்டிசினும் இதே வழியில் பிறந்தது. இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால்கூட, வளையப் பகுதியை இந்த ஊற்றிலிருந்தே பெற்று, அதனோடு வேறொரு கொழுப்புச் சங்கிலியை ஒட்டிக்கொண்டதாகும்.

ஆகவே ஐந்து சரக்குகளும் வேறு வேறு குலத்தில் தோன்றினாலும், அவற்றின் வாசனைக்கும் காரத்துக்கும் காரணமான முக்கியப் பதார்த்தங்கள் ஒரே மூதாதையின் சந்ததிகள். யூஜினால் கிராம்பில் மிகுந்தும், ஜமைக்கா மிளகில் நிறைந்தும், இலங்கைக் கறுவாவில் ஓரளவும், ஜாதிக்காயில் சிறிதும் இருந்து, இவற்றையெல்லாம் ஒரே சரட்டில் கோக்கிறது. வனிலாவின் சாரமாகிய வனிலினும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிராம்பு எண்ணெயின் யூஜினாலிலிருந்து செயற்கை வனிலின் தயாரித்து விற்றார்கள். பரங்கிப் பலகாரத்தில் சில சொட்டு வனிலா விடும் வழக்கம் இவ்வளவு பொருத்தமாக அமைந்ததற்கு விளக்கம் இதிலே கிடைக்கிறது. இவற்றினும் எனக்கு வியப்பளிப்பது ஒன்றுண்டு: இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலைகளைச் சிவக்கச் செய்யும் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருளும் அதே ஃபீனைல்அலனினிலிருந்து பிரிந்த இன்னொரு கிளையில் தோன்றுவதுதான். வெளியே மரத்தில் சிவப்பாகத் தெரிவதும், உள்ளே அடுப்பில் மணமாக எழுவதும் ஒரே மூலத்தின் இரண்டு விளைவுகள்.

ஒற்றுமை மட்டும் இருந்தால் கலவை சலித்துப்போகும், வேறுபாடும் வேண்டும். ஜாதிக்காயில் ஸாபினீன், பைனீன் முதலிய டெர்ப்பீன் வகை எண்ணெய்கள் மிகுதி. தேவதாரு மரத்தை அறுக்கும்போது எழுகிற குளிர்ந்த மணம் அவற்றினுடையது. இஞ்சியில் எலுமிச்சையின் சாயல் கொண்ட சிட்ரால் உண்டு. ஜமைக்கா மிளகில் மிளகுக்குரிய கேரியோஃபிலீனும் சேர்ந்திருக்கிறது. அந்தச் சரக்கு நம் ஊர்க் கடைகளில் அகப்படாதபோது, கிராம்பைச் சிறிது கூட்டி ஒரு சிட்டிகை மிளகுப் பொடியும் சேர்த்தால் ஏறக்குறைய அதே பலன் கிடைப்பது இதனாலேயே.

மூக்கு அறிவது ஒரு பாதி. வாய் அறிவது மறு பாதி. முகத்தின் முப்பிரிவு நரம்பு நாவிலும் வாயிலும் மூக்கிலும் பரவி, உஷ்ணத்தையும் எரிவையும் உணர்த்துகிறது. மிளகாயின் காரத்தைக் கொண்டு அந்த நரம்பிலுள்ள உஷ்ண வாயிலைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 2021இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். அதே வாயிலைத்தான் சுக்கின் காரமும் திறக்கிறது. பட்டையின் சின்னமால்டிஹைடோ கடுகு திறக்கின்ற வேறொரு வாயிலைத் திறக்கிறது. குளிர் தொடங்கும் காலத்தில் இப்பலகாரத்தை உண்டவர் உடம்பு கதகதப்பாவதாகச் சொல்வது கற்பனையன்று. உஷ்ணம் ஏறாமலே, ஏறியதாக நரம்பு மூளைக்கு அறிவிக்கிறது.

செய்முறையைச் சொல்கிறேன். பட்டைப் பொடி ஒன்பது தேக்கரண்டி, சுக்குப் பொடி இரண்டு, துருவிய ஜாதிக்காய் இரண்டு, ஜமைக்கா மிளகுப் பொடி ஒன்றரை, கிராம்புப் பொடி ஒன்று. பொதுவாக எழுதப்படும் அளவுகளில் கிராம்பும் ஒன்றரை தேக்கரண்டி என்றிருக்கும். நான் குறைப்பதற்குக் காரணம், புதிதாய்ப் பொடித்த கிராம்பின் யூஜினால் மற்ற வாசனைகளை மறைத்து, நாவையும் மரக்கச் செய்துவிடும் என்பதே. இலங்கைக் கறுவாவைப் பயன்படுத்துகிறவர்கள் கிராம்பை இன்னும் கால் பங்கு குறைக்கலாம். அதிலேயே யூஜினால் இருக்கிறது. பரங்கிக்காய்க்குத் தடித்த பட்டையின் முரட்டு உறைப்பே பொருந்தும் என்பதும், ஆப்பிளுக்கும் பாலில் செய்யும் பண்டங்களுக்கும் இலங்கைக் கறுவாவே மேல் என்பதும் என் அபிப்பிராயம்.

சரக்கை வறுக்க வேண்டா. சாம்பார்ப் பொடிக்குத் தனியாவையும் பருப்பையும் வறுப்பது அவற்றில் முன்பில்லாத வாசனையைச் சூட்டினால் உண்டாக்குவதற்காக. இவ்வைந்திலோ வாசனை எண்ணெய் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, வாணலியில் போட்டால் ஆவியாய்ப் போவதுதான் மிச்சம். நல்ல கிராம்பின் தண்டை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் பளபளவெனக் கசியும்; கசியாமல் உலர்ந்து முறிவது சாறிறக்கிய சக்கை, அதை வாங்கக் கூடாது. தடித்த பட்டையை நேரே மிக்ஸியில் இட்டால் அலகு தேயும். உரலில் தட்டிச் சில்லுகளாக்கிய பிறகே இட வேண்டும். சுக்கில் நார் மிகுதி. இடித்து, பழைய வைத்தியர்கள் சூரணத்துக்குச் செய்வதைப் போல் வஸ்திரகாயம் செய்தால் நார் துணியில் தங்கி, மாவு கீழே இறங்கும். ஈரம் உள்ள இஞ்சியைச் சுக்குக்குப் பதிலாக இட இயலாது. உலரும்போது ஜிஞ்சரால் நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது, அதன் காரம் பச்சை இஞ்சியினும் கூர்மையானது. ஜாதிக்காயை மிக்ஸியில் போடாமல் நுண்ணிய துருவலில் தேய்க்க வேண்டும். அதில் வெண்ணெய் போன்ற கொழுப்பு மிகுதியாதலால், சுழலும் அலகின் சூட்டில் பொடி களிம்பாகி ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றையும் சிறுகச் சிறுக, நிறுத்தி நிறுத்தி அரைப்பது நலம்.

பொடித்த கணத்திலிருந்தே நஷ்டமும் ஆரம்பமாகிறது. முழுச் சரக்கில் எண்ணெய் சிறு சிறு அறைகளுக்குள் அடைபட்டிருக்கும். பொடித்ததும் அறைகள் உடைந்து, காற்றுப் படும் பரப்பு பன்மடங்காகப் பெருகி, எண்ணெய் ஒருபுறம் ஆவியாகவும் ஒருபுறம் ஆக்ஸிஜனோடு கூடிக் கெடவும் தொடங்கும். முழுப் பட்டையும் ஜாதிக்காயும் சில ஆண்டுகள் தாங்கும். பொடி ஆறு மாதத்துக்குமேல் அதே வீரியத்தோடு இராது. ஆகையால் ஒரு பருவத்துக்கு வேண்டியதை மட்டும் செய்து, நிறக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, அடுப்பிலிருந்து எட்ட வைப்பதே முறை.

வீட்டில் பொடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இது உயிரோடு சம்பந்தப்பட்டது. 2023இல் அமெரிக்காவில் பைகளில் அடைத்து விற்ற ஆப்பிள் கூழை உண்ட குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பது கண்டு ஆராய்ந்தபோது, அதில் சேர்த்த பட்டைப் பொடியில் ஈயக் குரோமேட் கலந்திருந்தது வெளியாயிற்று. பட்டையைப் பட்டையாகவே வாங்குகிறவருக்கு இந்த அபாயம் பெரிதும் குறைவு. தடித்த பட்டைக்கே உரிய வேறொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: அதில் கௌமரின் என்ற பொருள் உண்டு, நெடுநாள் மிகுதியாய் உட்கொண்டால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். உடலெடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை வகுத்த எல்லை. பண்டிகைக்கு உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை. தினந்தோறும் கரண்டி கரண்டியாய்ச் சேர்த்துக்கொள்பவர் இலங்கைக் கறுவாவை நாடுவது புத்திசாலித்தனம், ஏனெனில் அதில் கௌமரின் மிக அற்பம். ஜாதிக்காயை ஒரே வேளையில் இரண்டு மூன்று தேக்கரண்டி அளவு தின்றால் மயக்கமும் சித்தப்பிரமையும் உண்டாகும். சமையலுக்கு வேண்டிய சிட்டிகையில் அப்படி எதுவும் இல்லை.

பொடியைப் பலகாரத்தில் சேர்க்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. இந்த எண்ணெய்கள் தண்ணீரில் கரைய மறுத்து, கொழுப்பில் எளிதாய்க் கரைவன. ஆகவே இரண்டு தேக்கரண்டி பொடியை வெண்ணெயோடு இளஞ்சூட்டில் ஒரு நிமிஷம் கிளறி, அதில் மசித்த பரங்கியையும் சர்க்கரையையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, பிறகு பாலேட்டையும் முட்டையையும் கலந்தால், மணம் முழுப் பலகாரத்திலும் ஊறும். சுடும்போது நீராவியோடு ஏறிப் போவதும் குறையும். ஈஸ்ட் இட்டுப் புளிக்கவைக்கும் ரொட்டி மாவில் மாத்திரம் இப்பொடியைப் பிசைந்துவிடக் கூடாது. பூஞ்சையும் கிருமியும் அண்டாதிருக்கவே செடிகள் சின்னமால்டிஹைடையும் யூஜினாலையும் செய்துகொண்டன. ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதான். மாவு மந்தமாய்ப் பொங்கி ரொட்டி கனத்துப்போகும். பட்டைச் சுருள் ரொட்டி செய்கிறவர்கள் மாவைத் தட்டிப் பரப்பி, வெண்ணெயும் சர்க்கரையும் பொடியும் மேலே தூவிச் சுருட்டுகிறார்களே, அந்த முறையில் ஈஸ்ட் தன் வேலையை இடையூறின்றிச் செய்ய முடிகிறது.

காப்பியில் சேர்ப்பவருக்கு ஒரு குறிப்பு. பட்டையில் நீரை உறிஞ்சிக் கொழகொழக்கும் பசை இருப்பதால், பொடியை நேரே தூவிக் கலக்கினால் கோப்பையின் அடியில் வழவழப்பான வண்டல் தங்கும். அதற்குப் பதிலாக, ஒரு பங்கு சர்க்கரையும் ஒரு பங்கு தண்ணீரும் கொதிக்கையில் தட்டிய பட்டை, நான்கு கிராம்பு, சில ஜமைக்கா மிளகு, ஒரு துண்டு சுக்கு ஆகியவற்றை முழுதாகவே இட்டு, கால் மணி நேரம் மூடி வைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். ஜாதிக்காயை மட்டும் அருந்தும் வேளையில் பாலின் நுரைமேல் துருவிக்கொள்ளலாம். வடித்த பாகு குளிர்பெட்டியில் இரண்டு வாரம் கெடாது.